வண்டைவிட அந்தக் குளிசைக்குத்தான் பயப்பட வேண்டும்

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்கு 32 வயது, இரண்டு பிள்ளைகள். இளையவனுக்கு மூன்று வயது. கணவர் வயல் செய்கிறார். இவர் வீட்டிலேயே அரிசிமா வறுத்து, குரக்கன் மாவும் மிளகாய்த்தூளும் பைக்கற்றில் அடைத்து ஊர்க்கடைகளுக்குக் கொடுக்கிறார். பொங்கல் வியாபாரத்தை எண்ணிக் கார்த்திகையிலேயே 40 கிலோ அரிசிமாவை வறுத்து வாளிகளில் போட்டு வைத்தாராம். மார்கழிக் கடைசியில் திறந்தால் மா முழுவதும் சிவந்த சின்ன வண்டுகள். ஒரு கடை 11 பைக்கற்றைத் திருப்பி அனுப்பிவிட்டது. போதாக்குறைக்கு நகரத்தில் வாங்கிய 25 கிலோ கோதுமை மா மூட்டையை அவிழ்த்தபோது அதற்குள்ளும் நூல் கட்டிய புழுக்கள்.

வீட்டில் இதனால் சண்டை. மாமி, "இடப்பெயர்வில வண்டு மிதந்த மாவைத்தான் அவிச்சுத் திண்டு உயிர் தப்பினாங்கள், அரிச்சுப்போட்டுச் சமை, சாப்பாட்டை எறியாதை" என்கிறார். அரித்துப் புட்டு அவித்த மறுநாள் இளையவனுக்கு வயிற்றோட்டம். இரண்டு நாளில் நின்றுவிட்டது, ஆனாலும் வண்டின் நஞ்சுதான் காரணம் என்று தாய்க்குப் பயம். இதைக் கேட்ட கணவரின் நண்பர் ஒருவர், நெல் மூட்டைக்குப் போடுகிற குளிசை இரண்டைக் கடுதாசியில் சுற்றிக் கொடுத்து, "ஒன்றை வாளிக்குள்ள போட்டு மூடு, ஒரு வண்டும் மிஞ்சாது" என்றிருக்கிறார். அது இப்போது குசினித் தட்டில் இருக்கிறது. போடலாமா, மாவை எறிய வேண்டுமா, அரித்து விற்கலாமா, மூட்டை விற்ற கடையில் காசைத் திருப்பிக் கேட்கலாமா என்பவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: மா அரிக்கும்போதெல்லாம் தும்மலும் கையில் அரிப்பும் வருகிறதாம், இரவில் நெஞ்சு இறுக்கமாக இருக்கிறதாம்.

அன்புத் தங்கச்சி, உங்கள் கேள்விகளை நீங்கள் எழுதிய ஒழுங்கில் எடுக்கப் போவதில்லை. அவசரமானது முதலில்.

குசினித் தட்டில் இருக்கும் குளிசை

அதை வாளிக்குள் போட வேண்டாம். வீட்டுக்குள் வைத்திருக்கவும் வேண்டாம். நெல், அரிசி மூட்டைகளுக்குப் போடும் அந்தக் குளிசை பெரும்பாலும் அலுமினியம் பொஸ்பைட்டாகத்தான் இருக்கும். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அது பொஸ்பீன் என்ற வாயுவை வெளிவிடும். 3 கிராம் குளிசை ஒன்றிலிருந்து 1 கிராம் வாயு வரும். வண்டைக் கொல்வது அந்த வாயுதான், மனிதரைக் கொல்வதும் அதே வாயுதான். அதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில் மருத்துவர்களான எங்களால் செய்யக்கூடியது, உடம்பு தாங்கும்வரை இதயத்தையும் சுவாசத்தையும் தாங்கிப் பிடிப்பது மட்டும்தான். தானிய மூட்டைக்கு இந்தக் குளிசையைப் போட்டுவிட்டு அதே வீட்டுக்குள் படுத்த குடும்பங்களில் பிள்ளைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. பெரியவர்களுக்குத் தலையிடியும் சத்தியுமாகத் தொடங்குவது சின்னப் பிள்ளைகளின் உயிரையே எடுத்துவிடும்.

பெரிய களஞ்சியங்களில் இது பயன்படுகிறது, உண்மை. அங்கே காற்றுப் புகாதபடி மூடி, ஆட்களை வெளியேற்றி, பயிற்சி பெற்றவர்கள் போட்டு, பல நாள் கழித்துத் திறந்து காற்றாட விட்ட பிறகுதான் தானியத்தை எடுக்கிறார்கள். குசினி வாளி அப்படி இல்லை. மூடியைத் திறக்கும் நேரம் உங்கள் முகம்தான் அதற்கு நேரே இருக்கும். வாயு போன பிறகு மிஞ்சும் சாம்பல் பொடியும் மாவோடு கலந்துவிடும். தானியத்திலிருந்து அதைப் பிரிக்கலாம், மாவிலிருந்து பிரிக்க முடியாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது இதுதான். பிள்ளைகளையும் மாமியையும் முற்றத்துக்கு அனுப்புங்கள். குசினிக் கதவு யன்னல் எல்லாவற்றையும் திறந்து காற்றாட விடுங்கள். கணவர் கையுறை போட்டுக்கொண்டு, கடுதாசியைப் பிரிக்காமல், முகத்தை விலக்கிப் பிடித்து வெளியே கொண்டுபோகட்டும். வீட்டுக்கும் கிணற்றுக்கும் ஆடு மாட்டுக்கும் தூரமாக, மழை படாத திறந்த கொட்டிலில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். தண்ணீரில் போடக் கூடாது, நனைந்தால் வாயு ஒரேயடியாக வரும், தீப்பிடிக்கவும் கூடும். எரிக்கக் கூடாது. இறுக்கிய போத்தலிலும் அடைக்கக் கூடாது. பொடியாகக் கொட்டுண்டிருந்தால் வாயுவில் ஒரு பகுதி போயிருக்கும், ஆனாலும் இதே கவனம் வேண்டும். பிறகு கமநல சேவை நிலையத்துக்கு அல்லது உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) தகவல் சொல்லி, எப்படி அகற்றுவது என்று கேளுங்கள். நீங்களே பஸ்ஸிலோ முச்சக்கர வண்டியிலோ கொண்டுபோகாதீர்கள். வீட்டில் யாருக்காவது தலையிடி, சத்தி, நெஞ்சிறுக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள், என்ன குளிசை என்பதையும் சொல்லுங்கள். உள்ளிப்பூண்டு அல்லது அழுகிய மீன் போல மணக்கும் என்பார்கள். மணம் இல்லை என்பதால் வாயு இல்லை என்று ஆகிவிடாது.

தந்தவர் கெட்ட எண்ணத்தில் தரவில்லை. ஆனால் அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தால், இந்தப் பகுதியை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

வாளிகளைச் சுற்றிப் பூச்சிச் சோக்கால் கோடு கீறுகிறவர்களும், மா அலுமாரிக்குள் அந்துருண்டை போடுகிறவர்களும் நிறைய. சோக்கிலும் பூச்சிகொல்லி இருக்கிறது, மூன்று வயதுப் பிள்ளைக்கு அது பள்ளிக்கூடச் சோக்குத்தான். அந்துருண்டையை விழுங்கினால் சில பிள்ளைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சளாகிவிடும். இரண்டும் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

வண்டு வயிற்றுக்குள் போனால்

இப்போது கொஞ்சம் ஆறுதலான செய்தி. நீங்கள் எழுதியபடி சிவந்து, அரிசியை விடச் சின்னதாக, 3, 4 மில்லிமீற்றர் நீளத்தில், வேகமாக ஓடுவது சிவப்பு மா வண்டு. அது கடிப்பதில்லை, நோய் பரப்புவதில்லை. தவறி நாலைந்து வெந்த புட்டோடு வயிற்றுக்குள் போனாலும் ஒன்றும் ஆகாது. உங்கள் மகனின் வயிற்றோட்டத்துக்கு அது காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு நாளில் தானாக நின்ற வயிற்றோட்டம், அதுவும் மழைக்குப் பிறகு வந்தது என்றால், வைரஸ் அல்லது கிணற்றுத் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிப்பேன். வன்னியில் மாரி வெள்ளம் வடிந்ததும் கிணறுகள் கெட்டுப் போவது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள், கிணற்றுக்குக் குளோரின் போட பி.எச்.ஐ.யிடம் கேளுங்கள், வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி இரண்டு பைக்கற் வீட்டில் வைத்திருங்கள். மலத்தில் இரத்தம் கண்டால், பிள்ளை குடிக்க மறுத்துச் சோர்ந்தால், வீட்டில் வைத்திருக்காமல் கொண்டுபோங்கள்.

ஆக, மாமி சொன்னதில் பாதி சரி. இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் கிடைத்த மாவை அரித்துச் சமைத்துப் பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்த தலைமுறை அது. சாப்பாட்டை எறிய அவருக்குக் கை வராது, வரவும் கூடாது. அவரோடு இதற்காகச் சண்டை போடாதீர்கள். ஆனால் மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். இந்த வண்டுகள் பெருகினால் அவற்றின் உடம்பிலிருந்து சுரக்கும் குயினோன் என்ற பொருள் மாவில் கலந்து, மா மெல்லிய ரோஸ் நிறமாகி, உறைப்பான ஒரு கெட்ட மணம் பிடிக்கும். அரித்தாலும் அது போகாது, வறுத்தாலும் போகாது. அப்படி ஆன மாவைச் சாப்பிடக் கூடாது. அதைவிடப் பயப்பட வேண்டியது பூஞ்சணம். ஈரத்தில் மா கட்டிபட்டு, புழுங்கல் மணம் வந்தால் அதில் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு இருக்கக்கூடும். சமையல் சூட்டில் அது அழியாது, நாட்பட்டு ஈரலைக் கெடுக்கும். முகாமில் வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

40 கிலோவையும் என்ன செய்வது?

வாளி வாளியாகப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒன்றாகத் தீர்க்க வேண்டாம்.

- நிறமும் மணமும் மாறாமல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வண்டு இருந்தால்: அரித்து, தாச்சியில் திரும்பவும் வறுத்து, ஒரு வாரத்துக்குள் வீட்டில் சாப்பிட்டு முடியுங்கள்.
- வண்டு குவிந்து, தோலும் தூசியுமாக இருந்தால், அல்லது ரோஸ் நிறமும் மணமும் இருந்தால்: எங்களுக்கு வேண்டாம். பூஞ்சணம் இல்லாவிட்டால் கோழிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.
- கட்டிபட்டுப் பூத்திருந்தால்: கோழிக்கும் வேண்டாம், அந்த நஞ்சைக் கோழியும் தாங்காது. வளவுக்குள் கிடங்கு வெட்டித் தாழுங்கள்.

அரித்து விற்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது, ஒரு பைக்கற்கூட. வண்டின் முட்டை ஒரு மில்லிமீற்றரும் இராது, ஒட்டுந்தன்மையால் மா அதன்மேல் படிந்து மாவைப் போலவே இருக்கும். உங்கள் அரிதட்டின் கண்ணுக்குள்ளால் அது போய்விடும். நீங்கள் சுத்தம் என்று கொடுக்கும் பைக்கற் கடைத்தட்டில் ஒரு மாதத்தில் மறுபடி ஓடத் தொடங்கும். மனித உணவுக்கு உதவாததை விற்பது 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டப்படி குற்றமும் ஆகும். கையில் பிள்ளையோடு அடுப்படியில் நின்று வறுத்த 40 கிலோ, எனக்குத் தெரிகிறது. அரிசிக் காசு, மில் காசு, விறகு எல்லாம் போகிறது. ஆனாலும் திருப்பி அனுப்பிய கடைக்கு நீங்களே போய், 11 பைக்கற்றுக்கும் காசைக் கொடுத்து, மற்றக் கடைகளில் மிச்சம் இருப்பதையும் கேட்காமலே எடுத்து வந்துவிடுங்கள். ஊருக்குள் செய்யும் வியாபாரம் உங்கள் பெயரை நம்பித்தான் நடக்கிறது.

வண்டு எங்கிருந்து வந்தது?

"மா பழசானால் அதுவே வண்டாகிறது" என்று எழுதியிருந்தீர்கள். இப்படி நம்புகிறவர்கள் நிறையப்பேர், அதனால்தான் தடுக்க முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். மா வண்டாகாது. யாரோ ஒரு தாய் வண்டு வந்து முட்டை இட்டிருக்க வேண்டும். அது தன் வாழ்நாளில் 300 முதல் 500 முட்டைவரை இடும், ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். 30 முதல் 35 பாகை செல்சியஸ் அதற்கு மிகவும் பிடித்த சூடு. அந்தச் சூட்டில் முட்டை ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகிவிடும். தகரக் கூரைக் குசினிக்கு வேறென்ன வேண்டும்? கார்த்திகையில் உள்ளே போன ஒன்றிரண்டு மார்கழிக் கடைசியில் நூற்றுக்கணக்காகத் தெரிவது இப்படித்தான்.

நீங்கள் மாவைத் தாச்சியில் வறுத்தபோது அதிலிருந்த வண்டு, புழு, முட்டை எல்லாமே செத்திருக்கும். 60 பாகைச் சூட்டைக்கூட அவற்றால் சில நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியாது. அவித்த கோதுமை மாவும் அப்படித்தான். நம் ஆச்சிமார் மாவை வறுத்தும் அவித்தும் வைத்ததில் ருசி மட்டும் காரணமில்லை. அப்படியென்றால் வண்டு வறுத்த பிறகுதான் வந்திருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: வறுத்த மாவை இரவு முழுக்கச் சாக்கில் பரப்பி ஆறவிட்டு, காலையில் அரித்து, அடியில் பழைய மா ஒட்டியிருந்த வாளிகளில் போட்டிருக்கிறீர்கள். சாக்கின் தையல், அரிதட்டின் விளிம்பு, வாளியின் அடி, இந்த மூன்றும்தான் வண்டின் வீடு.

இனி மா ஆறும்போது சுத்தமான வெள்ளைத் துணியால் மூடி, ஆறிய அன்றே அடைத்துவிடுங்கள். சூட்டோடும் அடைக்கக் கூடாது, மூடியில் வேர்த்து ஈரம் இறங்கிக் கட்டிபடும். வாளிகளைச் சுடுநீரால் கழுவி ஒரு முழுநாள் வெயிலில் காய விடுங்கள். பழைய மாவின் மேல் புது மாவைக் கொட்டாதீர்கள். தட்டுகளின் இடுக்கை உலர்ந்த தும்புத் தூரிகையால் தட்டி, வரும் தூசியை அடுப்பில் போடுங்கள். மெல்லிய பொலித்தீனைத் துளைக்கும் பூச்சிகளும் உண்டு, ஆகவே வீட்டு இருப்பு இறுக்கமான மூடியுள்ள பேணியில் இருக்கட்டும்.

குரக்கன் மாவில் கூடுதல் கவனம் தேவை. அரைத்த பிறகு அதை நீங்கள் வறுப்பதில்லை, ஆகவே மில்லில் உங்களுக்கு முன்பு அரைத்தவரின் மாவில் இருந்தது உங்கள் பையில் வந்துவிடும். முதலில் விழும் இரண்டு கை மாவை ஒதுக்கிவிடுங்கள். குளிர்பெட்டியில் ஆழ்குளிர் இருக்கும் யாராவது தெரிந்தவர் இருந்தால், இறுக்கிக் கட்டிய ஒரு கிலோப் பைகளாக சைபருக்குக் கீழே 18 பாகையில் நான்கு நாள் வைத்தெடுத்தால் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் குளிர் முழுவதும் போகும்வரை வையுங்கள், இல்லாவிட்டால் மா ஈரம் பிடிக்கும். மிளகாய்த்தூளில் வருவது வேறு வண்டு, ஆனால் வழி ஒன்றுதான்: கொஞ்சமாகத் திரித்துக் கெதியாக விற்பது.

வேப்பிலை, காய்ந்த மிளகாய், கராம்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேப்பிலையைக் காயவைத்து நெல் மூட்டையில் போடுவதில் தவறில்லை, கொஞ்சம் விரட்டும். மாவுக்குள் இருக்கும் முட்டையை இவை எதுவும் கொல்லாது. வெயிலில் மாவைக் காயவைப்பதையும் நம்பாதீர்கள். வண்டு எழும்பி நிழலுக்கு ஓடும், முட்டை தங்கிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட ஒரு மாற்றம் உங்களுக்குப் பயன்படும். உங்கள் செல்வம் நெல்தான், மா அல்ல. உமி மூடிய நெல்லை இந்த மா வண்டால் ஒன்றும் செய்ய முடியாது. நெல்லைத் தாக்குவது அந்துப்பூச்சி போன்ற வேறு சில, அவையும் நன்றாகக் காய்ந்த நெல்லில் பெருகக் கஷ்டப்படும். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்கும் 14 வீத ஈரப்பதனுக்குக் கூடாமல் காயவைத்து, கடித்தால் 'டக்'கென்று உடைகிறதா என்று பார்த்து, மூட்டையை நிலத்திலும் சுவரிலும் முட்டாமல் பலகைமேல் அடுக்குங்கள். அன்றைக்குக் கொம்பறை என்ற நெற்களஞ்சியத்தில் நெல்லாகவே வைத்து, தேவைக்குக் குத்தி இடித்த வன்னி வழக்கம் இதைத் தெரிந்து செய்ததுதான். இரண்டு கிழமைக்கு விற்கக்கூடிய மாவை மட்டும் வறுங்கள். ஒரு மாதம் ஆகுமுன் மா முடிந்துவிட்டால் வண்டுக்கு அடுத்த தலைமுறை கிடையாது. பைக்கற்றில் வறுத்த திகதியை எழுதுங்கள். பொங்கலுக்கு 40 கிலோ வேண்டுமானால், மார்கழி நடுப்பகுதியில் தொடங்கிப் பத்துப் பத்துக் கிலோவாக நாலு தடவை வறுக்கலாம். வேலை கூடும், எனக்குத் தெரியும். எறிகிற வேலையைவிட அது மேல்.

மூட்டை விற்ற கடை

கேட்கலாம், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மூட்டையை அப்படியே கட்டி, மற்றச் சாமான்களிலிருந்து தள்ளி வையுங்கள். பற்றுச்சீட்டு, மூட்டையில் அச்சிட்ட திகதி, புழுவோடு மா தெரியும் படம், மூன்றும் கையில் இருக்கட்டும். முதலில் கடைக்காரரிடம் அமைதியாகப் பேசுங்கள், பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். மறுத்தால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், எழுத்திலும் முறையிடலாம். கடைத்தட்டில் இன்னும் அப்படி மூட்டைகள் இருந்தால் பி.எச்.ஐ.க்குச் சொல்லுங்கள். ஒரு பலவீனமும் உண்டு: வாங்கி எவ்வளவு நாள் உங்கள் வீட்டில், அந்த வாளிகளுக்குப் பக்கத்தில் இருந்தது என்று அவர் திருப்பிக் கேட்பார். ஆனால் நூல் கட்டியது அந்துப் புழு, உங்கள் வாளியில் இருப்பது வண்டு. இரண்டும் வேறு வேறு பூச்சிகள், அதைச் சொல்லுங்கள். நாள் கடத்தாதீர்கள்.

நீங்கள் அடியில் எழுதிய ஒரு வரி

பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, உங்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஒரு மருத்துவராக எனக்கு அந்த வரிதான் கவலை தருகிறது. மாத் தூசியும், வண்டின் தோலும் எச்சமும், கண்ணுக்குத் தெரியாத மா உண்ணிகளும் ஒவ்வாமையைத் தூண்டும். பேக்கரி வேலை செய்பவர்களுக்கு வரும் தொய்வு (ஆஸ்துமா) இந்த வகைதான். தும்மலில் தொடங்கி, இரவில் நெஞ்சிறுக்கமாகி, கவனிக்காமல் விட்டால் நிரந்தரத் தொய்வாகிவிடக்கூடும். தடிமன் என்று கசாயம் குடித்துக் கொண்டிருக்காதீர்கள்.

வண்டு பிடித்த மாவை இனி நீங்கள் அரிக்க வேண்டாம், கணவர் செய்யட்டும். நல்ல மாவை அரிக்கும்போதும் முற்றத்தில், காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, மூக்கும் வாயும் மூடும் முகக்கவசத்தோடு அரியுங்கள். முடிந்ததும் கையையும் முகத்தையும் கழுவி உடுப்பை மாற்றுங்கள். இந்தக் கிழமைக்குள் அருகிலுள்ள ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், "மா அரித்தால் இறுக்குகிறது, அரிக்காத நாளில் குறைகிறது" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். வேலைக்கும் மூச்சுக்கும் உள்ள தொடர்பு வைத்தியருக்குத் தெரிந்தால்தான் வாயால் இழுக்கும் சரியான பம்மை (இன்ஹேலரை) தொடங்க முடியும். எந்தெந்த நாள் அரித்தீர்கள், எந்தெந்த இரவு இறுக்கியது என்று ஒரு கலண்டரில் குறித்து அதையும் கொண்டுபோங்கள்.